ஏழாவது தூண்

எர்ணாவூர் தாண்டி, கடலைப் பார்த்த மணலில்
ஆறு தூண்கள் நிற்கின்றன.
ஏழாவதுக்குக் குழி மட்டும்,
போன ஐப்பசியில் தோண்டியது.
இப்போது அதில் உப்புத்தண்ணீர்,
ஒற்றைச் செருப்பு, நான்கைந்து நண்டுகள்.

நான் ஸ்டோர் கீப்பர்.
வந்தது எது, வராதது எது என்று எழுதிவைப்பவள்.
வந்தவை:
தண்டவாளம் நாற்பத்திரண்டு துண்டு,
போல்ட்டு நட்டு மூன்று டிரம்,
சுறாமீன் முகம் வைத்த இருக்கை பன்னிரண்டு,
பன்னிரண்டும் ஒரே மாதிரி சிரிக்கின்றன.
வராதது ஒரே ஒரு பேரிங்.
எங்கள் வீட்டு ஆட்டுக்கல் அளவுதான் இருக்குமாம்.

அது கப்பலேறியபோது என் மகள் ஏழாம் வகுப்பு.
இப்போது எட்டாவதில் அரையாண்டுத் தேர்வு எழுதுகிறாள்.
கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வருகிறது
என்றார்கள் முதலில்.
கொழும்பில் இறக்கிவிட்டார்கள், அடுத்த கப்பலுக்கு வரிசை
என்றார்கள் பிறகு.
பங்குனியில் ஏஜெண்ட் ஜாபர் போனிலேயே சிரித்தார்:
"மேடம், காட்டுப்பள்ளிக்கு வந்து உக்காந்துருக்கு.
சர்டிபிகேட்டுலதான் சிக்கல்.
மாடல் நம்பர்ல சைபர் போடுற எடத்துல
'ஓ' போட்டுட்டான்."

ஆறாவது தூணின் ஏணியில் ஏறினால்
முகத்துவாரத்துக்கு அந்தப்பக்கம்
துறைமுகப் பெட்டிகள் அடுக்கடுக்காய்த் தெரியும்.
ஃபிட்டர் மோசஸ் தினமும் ஒன்றைக் காட்டி
அதுதான் நம்மளுது என்பான்.
நேற்று நீலம். இன்று துருப்பிடித்த சிவப்பு.

இதற்கிடையில்தான் அளக்க வந்தார்கள்.
மூன்று பேர், ஒரு முக்காலி, ஒரு குடை.
ஓதம் ஏறும் கோட்டைக் கண்டுபிடித்து
மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்லை நட்டார்கள்.
எங்கள் வரைபடத்தில் அந்தக் கோடு
இன்னும் கிழக்கே இருந்தது.
நடுவில் ஒரு புயல் வந்துபோனதை
வரைபடத்துக்கு யாரும் சொல்லவில்லை.
கடல் பதினெட்டடி நடந்து வந்திருந்தது.
ஏழாவது தூண் இப்போது விதிக்கு அந்தப்பக்கம்.

முதலாளி புகைபோக்கிகளைக் கைகாட்டிக் கத்தினார்:
"அங்கெல்லாம் யாருமா கல்லு நட்டீங்க?"
அளந்த பெண் தமயந்தி,
வேலையில் சேர்ந்து ஆறு மாதம் இருக்கலாம்,
கண்ணைக் கருவியிலிருந்து எடுக்காமலே சொன்னாள்:
"சார், நான் கடலை மட்டும்தான் அளக்குறேன்."

எனக்குக் கோபம் வரவில்லை.
வந்திருக்க வேண்டும்,
மூன்று மாதமாகப் பாதிச் சம்பளம்.
ஆனால் என் கொழுந்தன் ஆற்றில் இறால் பிடிக்கிறவன்.
எண்ணெய் மிதந்த மார்கழியில்
அவன் கையை மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தவள் நான்.
நகக்கண்ணில் இருந்த கறுப்பு
பொங்கல் வரைக்கும் போகவில்லை.
அன்றைக்கு எங்கே கிடந்தது இந்த மஞ்சள் கல்?
வந்ததே தாமதம்,
வந்து நின்ற இடமும் எங்கள் வாசல்.
ஆனாலும்
அதைப் பிடுங்கிப் போடச் சொன்னபோது
மோசஸ் கடப்பாரை கேட்டான்,
ஸ்டாக் இல்லை என்றேன்.
நான்கு இருந்தன.

சாயங்காலமானால் கேட்டைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள்.
"இன்னாக்கா, எப்போ ஓடும்?"
ஒரு எழுத்து மாறணும், ஒரு தூண் நகரணும் என்றேன்.
"இன்னா எழுத்துக்கா? நா எழுதித் தரவா?"

நேற்று ஷெட்டைத் திறந்துவிட்டேன்.
தரையில் வரிசையாக வைத்திருந்த சுறாக்களில்
பன்னிரண்டு பேர் ஏறிக்கொண்டார்கள்.
மோசஸ் ஒவ்வொருவருக்கும் கம்பியை இறக்கிப் பூட்டி
இழுத்துப் பார்த்தான், நிஜத்துக்குச் செய்வது போலவே.
விசிலும் அடித்தான்.
கண்ணை மூடிக்கொண்டு கத்தினார்கள்.
யாரும் சொல்லாமலே எல்லோரும் இடதுபக்கம் சாய்ந்தார்கள்,
பிறகு வலதுபக்கம்.
கடைசி இருக்கையில் ஒருத்திக்குத்
தலை சுற்றி வாந்தி வருகிறாற்போல் ஆகிவிட்டது.
இறங்கமாட்டேன் என்கிறாள்.

அந்த நேரம் பார்த்து ஜாபர் போன்.
எழுத்தைத் திருத்திவிட்டார்களா,
புதிதாய் ஏதாவது தப்பா,
கூச்சலில் எதுவும் கேட்கவில்லை.
"ஒரு நிமிஷம் இருங்க" என்றேன்,
"இப்போ பெரிய வளைவு வருது."